இருபதாயிரம் பிஸ்டல்களும் ஒரு உடைந்த வில்லும்

போன வருசம் அம்மாவுக்குப் புதுசா ஒரு தையல் மெஷின் வாங்கினனாங்கள். மூன்றாம் நாளே தையல் விட்டு விட்டு விழத் தொடங்கிற்று. திருப்பித் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். அங்கே நின்ற பெடியன் மெஷினைத் திறந்து ஒரு சின்னச் சாமானைக் கழற்றினான். லாச்சிக்குள்ளிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்துப் பூட்டினான். பத்து நிமிசத்தில வேலை முடிஞ்சுது. காசும் கேட்கேல்லை.

எங்கட ஒழுங்கையில் பழைய தையல் மெஷின் திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார். அவருக்கு இதைச் சொன்னேன். "அரம் போடாமலே பொருந்தினதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப நான் என்னத்துக்கு?" என்று சிரித்தார்.

அந்தச் சாமான் ஏன் அரம் போடாமல் பொருந்தியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், நாங்கள் போய் நிற்கிற இடம் தையல் கடை அல்ல. துவக்குப் பட்டறை. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு கைத்துப்பாக்கிப் பட்டறை. எங்கட வயசுக்காரருக்குத் துவக்கைப் பற்றி ஒரு சாதாரண சாமானைப் போல எழுதுவது லேசில்லை. ஆனால் எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் அதுதான் தாத்தா என்றால், அந்தக் கதையையும் தெரிந்துதான் ஆகவேண்டும்.

உடைந்தால் என்ன செய்வது?

1790களில் ஒரு குதிரைப்படை வீரன் புதுசா ஒரு பிஸ்டல் வாங்குகிறான் என்று வையுங்கோ. அது சக்கிமுக்கிக் கல் பூட்டிய பிஸ்டல். விசையை இழுத்தால் 'குதிரை' என்று சொல்லுகிற பாகம் கல்லோடு பாய்ந்து ஒரு எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறக்கும். பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கிற மருந்து பிடித்து, அந்த நெருப்பு சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் போகும். இவ்வளவையும் செய்விக்கிறது உள்ளே மடங்கிக் கிடக்கிற ஒரு எஃகு வில்.

அந்த வில் முதல் கிழமையே உடைந்துபோனால்? பக்கத்தில் நிற்கிறவனின் பிஸ்டல் வில்லைக் கழற்றிப் போட ஏலாது. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே கொல்லன் ஒரே கிழமையில் செய்ததாக இருந்தாலும் பொருந்தாது. ஏனென்றால் ஒவ்வொரு பாகமும் அதன் பக்கத்துப் பாகத்துக்கு ஏற்ற மாதிரி அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் செய்யப்பட்டது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். எஃகை அரத்தால் தேய்க்கவேண்டுமென்றால் அது மெதுவாக இருக்கவேண்டும். பொருத்திப் பார்த்த பிறகுதான் சூடாக்கித் தணித்துக் கடினமாக்குவார்கள். அந்தச் சூட்டில் பாகம் ஒரு மயிரிழை வளையும். ஆகவே ஒரு பிஸ்டலின் பாகங்கள் வேறொன்றோடு கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அடையாளக் கீறல் போடுவார்கள். அந்தக் கீறல்தான் இந்தக் கதையில் எங்களுக்குக் கிடைக்கிற முக்கியமான சாட்சி. கீறல் இருந்தால், பாகங்கள் மாறிப் பொருந்தாது என்று அர்த்தம்.

பொய்யாய்ப் போன ஒரு பெயர்

இந்தச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று பிரான்சில் ஒருவர் நினைத்தார். ஹொனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளர். 1785இல் அப்போது அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த தோமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனார். குவியலாய்க் கிடந்த பாகங்களில் கைக்கு அகப்பட்டதை எடுத்து, ஜெபர்சன் தானே சில துப்பாக்கி லொக்குகளைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. உடனே ஊருக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்து வருகிறவர் எலாய் விட்னி. பஞ்சில் கொட்டை பிரிக்கும் இயந்திரத்தோடு பெயர் பெற்றவர். 1798இல் அமெரிக்க அரசாங்கத்துக்கு இரண்டு வருசத்தில் 10,000 துப்பாக்கி செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டார். இரண்டு வருசம் முடிய ஒன்றும் வரவில்லை. 1801இல் தலைநகருக்குப் போய், பெரிய மனிதர்களுக்கு முன்னால் லொக்குகளை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டினார். எல்லாரும் வியந்தார்கள். கடைசித் துப்பாக்கிகள் போய்ச் சேர்ந்தது 1809இல்.

நூறு வருசத்துக்கு மேலாகப் பாடப்புத்தகங்கள் விட்னிதான் இந்த முறையின் தந்தை என்று எழுதிக்கொண்டு வந்தன. 1960இல் ரொபர்ட் வுட்பரி என்ற வரலாற்றாசிரியர் இது கட்டுக்கதை என்று ஒரு கட்டுரை எழுதினார். விட்னியின் மிஞ்சியிருக்கிற துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. உள்ளே அந்த அடையாளக் கீறல்களும் இருந்தன! மேடையில் காட்டியது ஒன்று, பட்டறையில் நடந்தது வேறொன்று.

அரிவாள் செய்தவர்

உண்மையில் வேலை செய்தவரின் பெயர் பலருக்குத் தெரியாது. சிமியன் நோர்த். கொனெக்டிகட் மாநிலத்தில் பெர்லின் என்ற ஊரில் கமம் செய்தவர், புல்லறுக்கும் பெரிய அரிவாள்கள் அடித்தவர். 1799இல் 500 பிஸ்டல் செய்து கொடுக்க முதல் ஒப்பந்தம் எடுத்தார். 1808இல் கடற்படைக்குப் பிஸ்டல் செய்யும்போது ஒன்றைக் கவனித்தார். ஒரு தொழிலாளி முழுப் பிஸ்டலையும் செய்யாமல், ஒரே பாகத்தை இரண்டாயிரம் தரம் செய்தால், கால்வாசி உழைப்பு மிச்சம். பாகமும் ஒரே மாதிரி வருகிறது.

1813இல் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் இந்தக் கட்டுரையின் நடு மையம். 20,000 பிஸ்டல். ஒன்றுக்கு 7 டொலர். ஐந்து வருசம். அதில் ஒரு நிபந்தனை: இந்த இருபதாயிரத்தில் எந்தப் பிஸ்டலின் எந்தப் பாகத்தை எடுத்தாலும் மற்ற எந்தப் பிஸ்டலிலும் அது பொருந்தவேண்டும். அமெரிக்க அரசாங்கம் இப்படி ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை என்று சொல்லுகிறார்கள்.

எழுதுவது லேசு. செய்வது? நோர்த் மிடில்டவுனில் புதுத் தொழிற்சாலை கட்டினார். ஒரு மாதிரி லொக் வைத்துக்கொண்டு, செய்கிற ஒவ்வொரு பாகத்தையும் அதிலேயே பூட்டிப் பார்ப்பார். பக்கத்துப் பாகத்துக்குப் பொருந்துகிறதா என்பது இப்போது கேள்வி இல்லை. மாதிரிக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் எல்லாமே இந்த இடத்தில்தான் திரும்பியது.

ஜோன் ஹோல் என்பவர் ஹார்ப்பர்ஸ் பெரி என்ற இடத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். அவர் கண்டுபிடித்த விசயம் நாங்கள் வேலியடைக்கும்போதும் அறிந்ததுதான். முதலாம் கதியாலிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்து கொண்டுபோனால், கடைசியில் வேலி எங்கேயோ போய் நிற்கும். சின்னப் பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாகும். எல்லாவற்றையும் ஒரே புள்ளியிலிருந்து அளந்தால் பிழை சேராது. ஹோல் ஒவ்வொரு பாகத்துக்கும் அப்படி ஒரு புள்ளியை வைத்தார். அளந்து பார்க்க அறுபதுக்கும் மேற்பட்ட அளவுக் கருவிகளைச் செய்தார்.

1826இல் அரசாங்கம் சோதிக்க ஆட்களை அனுப்பியது. அவர்கள் நூறு துப்பாக்கிகளைக் கழற்றிப் பாகங்களைக் கலந்து திரும்பப் பூட்டச் சொன்னார்கள். பூட்ட முடிந்தது. பிறகு 1828இல் ஹோலின் துப்பாக்கியைத் தன் தொழிற்சாலையில் செய்ய ஒப்பந்தம் எடுத்தவர் வேறு யாருமில்லை, நோர்த்தான். 1834 அளவில் நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் இருந்த இரண்டு தொழிற்சாலைகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒருத்தரை ஒருத்தர் முகம் பார்க்காத இரண்டு தொழிலாளிகள் செய்த இரண்டு இரும்புத் துண்டுகள்!

அரம் பிடித்த கைகள்

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிக்க ஏலாது. 'அப்ப நான் என்னத்துக்கு' என்று எங்கட ஐயா கேட்ட அதே கேள்வியை அந்தத் தொழிலாளிகளும் கேட்டார்கள்.

ஹார்ப்பர்ஸ் பெரியின் அரசாங்க ஆயுதச் சாலையில் வேலை செய்தவர்கள் தங்களைக் கைவினைஞர்களாக நினைத்தவர்கள். நினைத்த நேரம் வருவார்கள், தங்கட வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் கட்டுப்படுத்த வந்த தோமஸ் டன் என்ற மேலதிகாரியை 1830இல் எபனீசர் கொக்ஸ் என்ற தொழிலாளி அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றான். கொக்ஸ் தூக்கிலிடப்பட்டான். ஆனால் அந்த ஊர்த் தொழிலாளிகளுக்குள்ளே அவன் ஒரு வீரனைப் போலப் பேசப்பட்டான். பிறகு வந்த மேலதிகாரிகளுக்கு அவன் பெயர் ஒரு எச்சரிக்கையாக இருந்தது என்று மெரிட் ரோ ஸ்மித் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

1842இல் ஆயுதச் சாலையில் மணிக்கூட்டு நேரத்தைக் கட்டாயமாக்கினார்கள். தொழிலாளிகள் வேலையை நிற்பாட்டிவிட்டு, கால்வாய்ப் படகொன்றில் வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி டைலரையே சந்தித்தார்கள். நாங்கள் மெஷினின் பாகங்கள் இல்லை என்பதுதான் அவர்களுடைய முறைப்பாட்டின் சாரம். ஜனாதிபதி அன்பாய்க் கதைத்தார். திரும்பிப் போய் வேலை செய்யச் சொன்னார். போனார்கள்.

அந்தக் கொலையை நியாயப்படுத்த ஏலாது. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. மாற்றிப் போடக்கூடிய பாகம் வந்த இடத்தில், மாற்றிப் போடக்கூடிய மனிசரும் வந்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் ஒரே பிழை

இன்னொரு விலையும் இருந்தது. 1847இல் மெக்சிக்கோப் போருக்காக சாமுவேல் கோல்ட் 1,000 பெரிய ரிவோல்வர்கள் விற்றார். கப்டன் சாமுவேல் வோக்கரின் யோசனைகளை வைத்துச் செய்ததால் 'வோக்கர்' என்று பெயர். செய்த இடம் எலாய் விட்னியின் மகனுடைய தொழிற்சாலை.

அந்தப் புத்தம்புதிய ரிவோல்வர்களில் இரண்டு குறை. குண்டை உள்ளே தள்ளுகிற நெம்பு, சுட்ட அதிர்விலேயே கழன்று கீழே விழுந்து, உருளையைச் சுழலவிடாமல் மறிக்கும். இரண்டாவது பயங்கரம்: மருந்து கூடுதலாய்ப் பிடிக்கிற அந்த உருளை சிலவேளை கையிலேயே வெடித்தது.

பழைய கொல்லன் விட்ட பிழை ஒரு பிஸ்டலோடு போகும். வரைபடத்தில் விட்ட பிழை ஆயிரத்திலும் இருக்கும். உடைந்த சாமானுக்குப் பதிலாக அதே சாமானைப் போட்டால், அதே பிழையைத்தான் திரும்பப் போடுகிறோம். வீரர்கள் என்ன செய்தார்கள்? நெம்பைக் குழலோடு சேர்த்துத் தோல் வாரால் கட்டினார்கள். அடுத்த வருசம் வந்த கோல்ட் ரிவோல்வரில் நெம்பைப் பிடிக்க ஒரு கொளுக்கி இருந்தது, உருளையும் கட்டையாகிவிட்டது. பாவித்தவனின் தோல் வார்தான் அந்தக் கொளுக்கிக்கு முதல் வரைபடம்.

திரும்பவும் தையல் மெஷின்

1854இல் பிரித்தானிய அதிகாரிகள் ஸ்பிரிங்பீல்ட் ஆயுதச் சாலைக்கு வந்து, பத்து வெவ்வேறு வருசத்தில் செய்த பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றிக் கலக்கினார்கள். ஒரு தொழிலாளி திருப்புளியால் பத்தையும் திரும்பப் பூட்டிவிட்டார். அவர்கள் அந்த மெஷின்களையே விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆயுதச் சாலைகளில் பழகிய தொழிலாளிகள் தையல் மெஷின் கொம்பனிகளுக்குப் போனார்கள், பிறகு சைக்கிளுக்கு, பிறகு காருக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுக்க விற்ற சிங்கர் கொம்பனிகூட 1880கள் வரை பாகங்களை அரத்தால் தேய்த்துத்தான் பொருத்தியது. ஆகவே எங்கட ஐயாவின் அரத்தைப் பார்த்து யாரும் சிரிக்கத் தேவையில்லை.

இந்தக் கதையை அவருக்குப் போய்ச் சொன்னேன். பிஸ்டல் கதையைப் பெரிசாய்க் கேட்கவில்லை. தோல் வார் கட்டின இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "அதுதான் தம்பி. சாமானை மாத்திறது லேசு. என்னத்தால உடையுது எண்டு பாக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார்.

அம்மாவின் மெஷினில் மாற்றிப்போட்ட சாமான் ஆறு மாதத்தில் திரும்ப உடைந்தது. இந்த முறை நாங்கள் கடைக்குப் போகவில்லை. ஐயா திறந்து பார்த்தார். பிழை அந்தச் சாமானில் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆணி இறுகவில்லை. இறுக்கிவிட்டார். இன்னும் ஓடுகிறது.