கூத்துப் பாத்திரங்களின் மாய ஆற்றல்

ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டையைச் சுற்றியும் பாலாற்றை ஒட்டிக் காஞ்சிபுரம் வரையிலும் உள்ள ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். தெருக்கூத்து என்றும், தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியும் மரக் கட்டைகளால் கட்டைக்கூத்து என்றும் அதைச் சொல்வர். கட்டை கட்டி வரும் வேடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அஸ்திரம், வரம், கவசம் என ஏதோ ஒரு மாய ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலுக்குக் கொடுத்த விலையைத்தான் கூத்து விரித்துப் பாடுகிறது. ஆற்றல் வெளிப்படும் கணம் சட்டென முடிந்துவிடும்.

கர்ணனைவிடத் தெளிவான சான்று இல்லை. பிராமணன் என்று பொய் சொல்லிப் பரசுராமரிடம் கற்ற வித்தை, வேண்டும் நேரத்தில் மறந்துபோகும் என்பது சாபம். கவசகுண்டலம் இந்திரனுக்குத் தானமாகப் போயிற்று. நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் தொடுப்பதில்லை என்று குந்திக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ‘கர்ண மோட்சம்’ கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் வாக்குவாதமே இரவில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் காத்திருப்பதும் அதற்காகத்தான். அர்ச்சுனன் தபசிலும் இதே கணக்கு. பாசுபதம் பெற, திடலில் நட்ட உயரமான தபசு மரத்தில் வேடக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி இருப்பார்கள். அஸ்திரம் கிடைக்கும் நொடி சிறிது, ஏற்றம் நெடிது.

கண்ணனுக்கு எந்த விலையும் இல்லையே, கௌரவர் சபையில் திரௌபதியின் துகில் வளர்ந்தது இலவசமாகத்தானே என்று கேட்கலாம். திரௌபதி சேலையைப் பற்றியிருந்த பிடியை விட்டுக் கைகளை உயர்த்திய பிறகே அது வளர்கிறது. அன்று அவள் அவிழ்த்த கூந்தல் பதினெட்டாம் போர் வரை முடிக்கப்படாது. கண்ணனும் ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதிக்குள் நிற்கிறான், போர் முடிந்ததும் காந்தாரியின் சாபத்தை ஏற்கிறான்.

இந்த விலைக் கணக்கை நவீனக் கற்பனைப் பாத்திரங்களோடும் வைத்துப் பார்க்கலாம். வழிபாடாக நடப்பதை அவற்றோடு ஒப்பிடலாமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. வடிவ அளவில் ஒப்பிடலாம் என்றே தோன்றுகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற வேடமேற்பு விளையாட்டின் தொடக்ககாலப் பதிப்புகளில், மந்திரவாதி ஓதிய மந்திரம் அவன் நினைவிலிருந்து அழிந்துவிடும். அந்த விதி ஜாக் வான்ஸின் 1950ஆம் ஆண்டு நூலான ‘தி டையிங் எர்த்’தின் தாக்கத்தில் வந்தது. ஆனால் அங்கே மறதி, ஒருவன் கை மட்டும் ஓங்கிவிடாமல் ஆட்டத்தைச் சமன்செய்யும் விதி. கர்ணனின் மறதியோ அவன் சொன்ன பொய்யிலிருந்தும், பிறப்பால் வித்தையை மறுத்த உலகத்திலிருந்தும் பிறந்தது. ஆகவே அது அவன் ஒருவனுக்கே உரியது. மாயம் கொண்ட பாத்திரத்தை எழுதுபவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: எத்தனை முறை என்ற வரம்பை எவருக்கும் பொருத்தலாம், ஏன் என்ற வரம்பு அந்த ஆளின் வாழ்க்கையிலிருந்துதான் வரும்.

கூத்தர்கள் இந்த விலையை வேடத்தோடு நிறுத்துவதும் இல்லை. துகிலுரியும் கட்டத்தில், சேலையில் கை வைக்கும் முன் துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம்.