கையும் காதும் சேர்ந்து சொல்லும் எண்

மேல்கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அழுத்திக் காற்றேற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காது கொடுத்துக் கேட்டு, கடைசியில் ‘120க்கு 80’ என்று சொல்வதைப் பார்க்காதவர் இல்லை. அந்த எண்ணைக் கருவி சொல்லிவிடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தக் கருவி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. பட்டை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், கையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும், காற்றை எவ்வளவு நிதானமாக விட வேண்டும் என்று செவிலியர் மாணவிகள் மனப்பாடம் செய்கிற விதிகள் ஒவ்வொன்றும், ஒரு காலத்தில் நிகழ்ந்த பிழையைத் திருத்தப் பிறந்தவை. இந்த விதிகளும் சேர்ந்ததுதான் கருவி. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சும் எண்ணுக்கு மதிப்பில்லை என்பதே என் கட்சி.

இங்கிலாந்தின் டெடிங்டன் ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்க வைத்து, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் இதயத்தின் மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்றது. 1733இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அவர் உயரத்தை எங்கிருந்து அளந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்: இதயத்திலிருந்து. பட்டை கட்டிய கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று இன்றும் சொல்வதற்கு இதே கணக்குதான் காரணம். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் அளவு பாதரசக் கணக்கில் ஏறக்குறைய 8 மி.மீ. கூடிவிடும். 9 அடிக் குழாயைக் கையாள்வது எளிதல்ல. 1828இல் பாரீஸில் மருத்துவர் புவாசெய் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனமான பாதரசத்துக்கு மாறினார். 120 மி.மீ. பாதரசம் காட்டும் அழுத்தத்தைத் தண்ணீரில் காட்ட 163 செ.மீ. உயரம் வேண்டும். பாதரசம் குழாயை மேசைமீது கொண்டுவந்தது. பாதரசமே இல்லாத கருவிகளும் இன்றுவரை அந்த அலகிலேயே பேசுகின்றன.

ஆனாலும் ரத்தக்குழாயைத் திறக்காமல் அளக்க வழியில்லை. 1856இல் பிரான்சில் மருத்துவர் ஃபெவ்ர் முதன்முதலாக மனிதரிடம் அளந்தபோதுகூட, உறுப்பை வெட்டியெடுக்கும் அறுவையின் நடுவில்தான் அது முடிந்தது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் இத்தாலியின் டுரின் நகரத்து மருத்துவர் ரிவா-ரோச்சி. 1896இல் அவர் செய்த கருவியில் சைக்கிள் ட்யூபும் மைக்கூடும் பாதரசமும் இருந்தன. மேல்கையைச் சுற்றிக் காற்றேற்றி, மணிக்கட்டில் நாடி மறையும் நேரத்தில் பாதரசத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். எளிமையிலும் எளிமை! ஆனால் அவருடைய பட்டை 5 செ.மீ.க்கு மேல் அகலமில்லை. குறுகிய பட்டை தமனியை நசுக்க அதிக அழுத்தம் கேட்கும். அதனால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 1901இல் ஜெர்மன் மருத்துவர் ரெக்ளிங்ஹவுசன் இதை எடுத்துக்காட்டிப் பட்டையை அகலப்படுத்தினார். காற்றுப்பை கையின் பருமனுக்கு ஏற்ற அகலத்தில் இருக்க வேண்டும் என்ற இன்றைய விதிக்கு மூலம் அதுவே. பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால், ரெக்ளிங்ஹவுசன் திருத்திய பிழையையே நாம் மறுபடி செய்கிறோம். அதன் விலை, தேவையில்லாத மாத்திரை.

மருத்துவர்கள் இந்தக் கருவியை உடனே கொண்டாடிவிடவில்லை. 1901இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இதை இத்தாலியில் கண்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஹார்வர்டில் ஆராய்ந்து பார்த்தவர்களோ, தேர்ந்த விரல் இதைவிடப் பயனுள்ளது என்று முடிவு கட்டினார்கள். நாடி பிடித்துப் பார்க்கும் மரபை அறிந்த நமக்கு அந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. விரல் உணர்வதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்பதுதான் அதிலுள்ள குறை. அதே விரல் கீழ் அழுத்தத்தையும் நம்பகமாகச் சொல்லவில்லை. அதைச் சொன்னது காது. ரஷ்ய-ஜப்பானியப் போரில் காயம்பட்ட ரத்தக்குழாய்களை ஆராய்ந்த அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ், 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மிகச் சுருக்கமான ஓர் உரையில் தன் முறையை முன்வைத்தார். முழுதும் நசுங்கிய தமனி ஓசை தராது. காற்றை மெல்ல விடும்போது ‘டக்’கென்று முதல் ஒலி கேட்கும் இடம் மேல் அழுத்தம், ஒலி அடங்கி மறையும் இடம் கீழ் அழுத்தம். அப்படியானால் விரலுக்கு இனி வேலையில்லையா? உண்டு. பிரஷர் அதிகமுள்ள சிலருக்கு ஒலி தொடங்கி, நடுவே கொஞ்ச தூரம் அடங்கி, மறுபடி கேட்கும். அந்த மௌனத்தில் காற்றேற்றுவதை நிறுத்தியவர் 190ஐ 150 என்று எழுதிவிடக்கூடும். அதனால்தான் முதலில் மணிக்கட்டு நாடி மறையும் வரை ஏற்றி, அதற்கு மேலும் 30 மி.மீ. ஏற்ற வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். கொரோட்கோவின் காதுக்கு ரிவா-ரோச்சியின் விரல் இன்றும் துணை நிற்கிறது.

எண் எழுத்தில் ஏறியதும் வேறொரு தேவை எழுந்தது. 1907இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் பாலிசி கேட்பவர்களுக்கு பிரஷர் பார்க்கத் தொடங்கியது. எங்கோ ஒரு மருத்துவர் எழுதிய 150ம் இன்னோர் ஊரில் எழுதிய 150ம் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். 1939இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதயநோய் அமைப்புகள் கூடிப் பொது முறை வகுத்தன. ஒலி மங்கும் இடமா, மறையும் இடமா கீழ் அழுத்தம் என்ற வழக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீண்டு, மறையும் இடம் என்று தீர்ந்தது. காற்றை நொடிக்கு 2, 3 மி.மீ. மட்டுமே விட வேண்டும் என்பதற்கும் நியாயம் உண்டு: ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே பாதரசம் 10 மி.மீ. சரிந்தால், முதல் ஒலி கேட்கும்போது உண்மையான இடம் கடந்து போயிருக்கும்.

இத்தனை பாடு எதற்கு, பொத்தானை அழுத்தினால் எண் வருகிறதே என்பார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மனிதக் காதும் கண்ணும் தவறும். 138ஐ 140 என்று பூஜ்யத்தில் முடித்து எழுதும் பழக்கம் உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. மின்கருவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. வீட்டில் தினமும் பார்த்துக்கொள்ள அதைவிட வசதியான வழியும் இல்லை. பாதரசம் நஞ்சு என்பதும் மெய். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையின்படி பாதரசக் கருவிகள் விடைபெறுவது சரியே. ஆனால் பாதரசம் போவதும் கைமுறை போவதும் ஒன்றாகாது. முள் காட்டும் அனிராய்டு கருவியிலும் இதே காதும் விரலும்தான் வேலை செய்கின்றன. அவ்வப்போது சரிபார்த்தால் போதும். மின்கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் எழும் அதிர்வை உணர்ந்து, தயாரிப்பாளர் வகுத்த கணக்கின்படி மேலும் கீழும் எவ்வளவு என்று சொல்கிறது. இதயத்துடிப்பு சீரற்றுப் போனவரிடம் அந்தக் கணக்கு தடுமாறும். பேறுகால ரத்தக்கொதிப்பில் சில கருவிகள் குறைத்துக் காட்டும். அகலம் போதாத பட்டையும் தொங்கும் கையும் அதையும் ஏமாற்றிவிடும்.

இன்னொன்றும் உண்டு. புதிய மின்கருவி சரியாகச் சொல்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? பயிற்சி பெற்ற இருவர் ஒரே நேரத்தில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்டதோடு கருவியின் எண்ணை ஒப்பிடுகிறார்கள். 1905இல் கொரோட்கோவ் சொன்னதே இன்றைக்கும் உரைகல். செவிலியர் கல்லூரிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கையால் பிரஷர் பார்க்கும் பயிற்சியைக் கைவிடக் கூடாது. பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு கையை நீட்டுங்கள்.