இடர்காப்பா, பந்தயமா? 2008ஆம் ஆண்டின் ஒரு வழக்கும் அதில் விடுபட்ட கேள்வியும்

அத்திபெலே, ஓசூர் தொழிற்பேட்டைகள் தொடங்கித் திருப்பூர் வரை, ஏற்றுமதியை நம்பி வாழும் நிறுவனங்களுக்குப் பொதுவான இக்கட்டு ஒன்று உண்டு. வருமானம் டாலரில் வரும். கூலி ரூபாயில் போகும். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 44 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டிறுதிக்குள் 40க்கும் கீழே இறங்கியது. வங்கிகள் விற்ற அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களைத் தமிழகத்து நிறுவனங்கள் பல நாடிய பின்னணி இதுவே.

இடர்காப்பு என்னும் சொல் ஒருமுறை செய்து முடிக்கும் செயலைக் குறிப்பதுபோல் தோன்றுகிறது. உண்மை அதுவன்று. ஏற்றுமதியாளர் ஒருவர் 10 லட்சம் டாலரைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமையை, அதாவது ஓர் ஆப்ஷனை, வங்கியிடம் வாங்குகிறார் எனக் கொள்வோம். அதன் டெல்டா 0.5 எனில், வங்கி தன்னைக் காத்துக்கொள்ள 5 லட்சம் டாலரைச் சந்தையில் விற்கும். டாலர் மேலும் சரிந்து டெல்டா 0.7 ஆனால், இன்னும் 2 லட்சம் விற்கும். டாலர் மீண்டால் திரும்ப வாங்கும். இவ்வாறு சரிவில் விற்று ஏற்றத்தில் வாங்கும் இடையறாத மறுசீரமைப்புக்கு ஆகும் செலவே, சாராம்சத்தில், ஆப்ஷனின் விலை. 1973இல் பிளாக், ஷோல்ஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படைத் தருக்கம் இதுதான்.

இந்தியாவில் ரூபாய் ஆப்ஷன்களை ரிசர்வ் வங்கி 2003 ஜூலையில் அனுமதித்தது. பிரீமியச் சுமையைத் தவிர்க்க விரும்பிய நிறுவனங்கள், ஓர் ஆப்ஷனை வாங்கி, மற்றொன்றை வங்கிக்கே விற்கும் கூட்டு ஒப்பந்தங்களை ஏற்றன. அவற்றால் இடர் கூடலாகாது, நிகரப் பிரீமியம் பெறலாகாது என்பது அன்றைய விதி. ஆனால் ஆப்ஷனை விற்றவரின் இடர், கையெழுத்திட்ட நாளில் இருந்த அளவிலேயே நிற்பதில்லை. சந்தை நகர நகர அது பெருகும். வங்கிகள் தம் பங்கைப் பிற வங்கிகளுடன் எதிர் ஒப்பந்தம் செய்து ஈடுகட்டிக்கொண்டன. மறுமுனையில் இருந்த நிறுவனமோ, நாள்தோறும் மறுசீரமைக்கும் கருவியும் ஆளும் இன்றி, ஆப்ஷன் விற்றவரின் இடத்தில் நின்றது.

கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கியுடன் 2007 ஜூனில் செய்த ஒப்பந்தம், டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான மதிப்பைச் சார்ந்திருந்தது. 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. ஒப்பந்தம் செல்லாது என நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30இன்படி பந்தய ஒப்பந்தங்கள் செல்லா. 2008 அக்டோபரில் நீதிபதி வெ. ராமசுப்பிரமணியன், இது பந்தயமன்று, பொதுக்கொள்கைக்கு முரணானதுமன்று என்று முடிவு செய்தார். ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட 45வி பிரிவு, இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட ஏற்பை முன்னரே அளித்திருந்தது.

சட்ட நோக்கில் அம்முடிவு வலுவானது. ஆயினும் வரலாற்று மாணவருக்கு வேறொரு கேள்வி எஞ்சுகிறது. பந்தயமா, இடர்காப்பா என்னும் வினாவைச் சட்டம் ஒப்பந்தம் பிறந்த நாளை வைத்தே கேட்கிறது. இடர்காப்போ காலத்தில் நிகழும் செயல். கையெழுத்திட்ட அன்று காப்பாக இருந்தது, மறுசீரமைக்காமல் விடப்பட்டால் சில மாதங்களில் பந்தயத்தை ஒத்ததாகிவிடலாம்; ஆவணத்தில் ஓர் எழுத்தும் மாறியிராது.

மறுசீரமைப்பு மட்டுமே போதும் என்பதும் பொருளன்று. 1987 அக்டோபர் 19 அன்று, சரியும் சந்தையில் ஒரே விதிப்படி பலரும் விற்க முனைந்தது, டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு வீழ்ந்ததற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வாடிக்கையாளருக்கு ஏற்ற ஒப்பந்தத்தையே வங்கி விற்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2007 ஏப்ரலிலேயே வழிகாட்டியிருந்தது. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அது அபராதம் விதித்தது 2011 ஏப்ரலில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளின் வரலாற்றை எழுத முற்படுவோர், தீர்ப்புகளோடு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் வைத்துப் படித்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட்டார் என்பதைத் தீர்ப்பு சொல்லும்; அதன்பின் அதை யார் கவனித்தார் என்பதை வேறெங்கேனும் தேடித்தான் அறிய வேண்டும்.