ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம் என்பது, பலகையில் செதுக்கிய உருவத்தை அச்சுப்பொறியின்றிக் கையாலேயே தாளில் பதிக்கும் கலையாகும். இக்கலை எடோ காலத்தில் (1603–1868) உகியோ-இ என்னும் ஓவிய மரபின் வழியே பெருவளர்ச்சி கண்டது. 1765 அளவில் சுசுகி ஹருனொபுவின் படைப்புகளுடன் பல வண்ண அச்சு நிலைபெற்றது.

இவ்வச்சுகள் ஹொக்குசாய், ஹிரோஷிகே போன்ற ஓவியர்களின் பெயராலேயே அறியப்படுகின்றன. ஆயினும் இவர்கள் கோட்டோவியத்தை வரைந்து, வண்ணங்களைக் குறித்துக் கொடுத்தவர்களே. செதுக்குபவரும் அச்சிடுபவரும் வேறு கலைஞர்கள். பணம் போட்டு இவர்களை ஒருங்கிணைத்தவர் பதிப்பாளர். செதுக்கியவரின் பெயர் பெரும்பாலான அச்சுகளில் இல்லை.

செதுக்குதல்

மலைச் செர்ரி மரத்தை நீளவாட்டில் அறுத்த பலகை பயன்படுகிறது. மெல்லிய தாளில் வரைந்த ஓவியம் அதன்மீது முகம் கீழாக ஒட்டப்படும். தாளின் பின்புற இழைகளை உரித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். கோடுகளை மேடாக விட்டு ஏனைய பகுதி குடைந்து நீக்கப்படும். ஓவியத் தாளும் அத்துடன் அழிந்துவிடும். எனவே ஹொக்குசாயின் புகழ்பெற்ற கனகாவா பேரலைக்கு அச்சுப் படிகளே மூலம்.

கோட்டுப் பலகையிலிருந்து எடுத்த படிகளைக் கொண்டு வண்ணப் பலகைகள் தனித்தனியே செதுக்கப்படும். ஒவ்வொன்றிலும் கென்டோ எனும் இரு பொருத்தக் குறிகள் ஒரே இடத்தில் அமையும்: ஒன்று தாளின் மூலைக்கு, மற்றொன்று அதன் விளிம்புக்கு.

அச்சிடுதல்

கோசோ மரப்பட்டை நாரால் செய்து, பசையும் படிகாரமும் பூசிய தாள் ஈரமாக்கப்படும். அது உலர்ந்தால் சுருங்கும். பின் எத்தனை துல்லியமான குறியும் பயன்படாது, வண்ணங்கள் கோட்டை விட்டு விலகும். பலகையில் நீர்வண்ணத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் பரப்பித் தாளை இட்டு, மூங்கில் மடல் போர்த்திய பாரென் என்னும் வட்டக் கருவியால் பின்புறம் தேய்ப்பர். வண்ணம் இழைகளுக்குள் இறங்குகிறது.

வானம் மேலிருந்து கீழாக வெளிறிச் செல்லும் சாயல் (பொகாஷி) செதுக்கப்படுவதன்று. ஒவ்வொரு படிக்கும் பலகையில் புதிதாகத் தூரிகையால் இடப்படுவதால் படிக்குப் படி அது வேறுபடும்.

அச்சிட அச்சிடப் பலகை தேயும். பேரலைப் படிகளில் தலைப்புக் கட்டத்தின் கோட்டில் காணும் முறிவுகள், எப்படி முந்தையது என்று கணிக்க உதவுகின்றன.

பிற்காலம்

1904-இல் யமமோட்டோ கனாயே தாமே வரைந்து, செதுக்கி, அச்சிட்ட 'மீனவர்' என்னும் அச்சு, பணிப்பகுப்பைக் கைவிட்ட புதிய இயக்கத்துக்கு முன்னோடியாயிற்று. மாறாக, பதிப்பாளர் வட்டனபே ஷோசாபுரோ பழைய கூட்டுமுறையையே தொடர்ந்தார்.