இருக்கைப் பலகையின் சரித்திரம்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே வாவியும் நெருக்கி நிற்கும் மணல் நிலத்தில் இருக்கிறது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றா மரத்தின் பெயரை ஊர்ப்பெயரில் தாங்கியது. வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை, மேல்கரை படுவான்கரை. குடியிருப்பு இக்கரையிலும் நெல்வயல் அக்கரையிலுமாகப் பல தலைமுறைகள் வாழ்ந்த மக்களுக்குத் தோணி ஆடம்பரமன்று. ஏரைப் போல, மண்வெட்டியைப் போல அதுவும் ஓர் உழைப்புக் கருவி.

அந்தத் தோணியின் இருக்கையை நாம் சற்று உற்று நோக்க வேண்டும். இருபக்கத்து விளிம்புகளையும் இணைத்துக் குறுக்கே பொருத்திய ஒரு பலகை, அவ்வளவுதான். அதில் மனிதன் அமர்ந்தான். அதே பலகை தோணியின் வயிறு உட்குழியாமலும் வெளியே பிதுங்காமலும் தாங்கியது. அதன்மேல் உறையில்லை, மெத்தையில்லை. மாரியில் நனைந்தது, கச்சான் காற்றில் உலர்ந்தது. உளுத்துப் போனால் அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஓடாவி வந்து கழற்றி வேறொன்று பொருத்தினார். (மரக்கலம் கட்டுபவரை ‘ஓடாவி’ என்று அழைக்கும் அழகிய சொல் கிழக்கிலங்கையில் இன்னும் வழக்கில் உண்டு, நம் பாடநூல்கள் ஏனோ அதைக் கண்டுகொள்வதில்லை.)

மெத்தை தைத்த இருக்கை வேறு உலகத்தைச் சேர்ந்தது. இன்று உல்லாசப் படகுகளிலும் விசைப்படகுகளிலும் நாம் காணும் சாய்மானத்தைப் பிரித்துப் பார்த்தால், அதற்குள் ஏகாதிபத்திய வர்த்தகத்தின் அடுக்குகளே மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உள்ளே இருப்பது பிளைவூட் பலகை. மரத்தை மெல்லிய தகடுகளாக உரித்து, இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டிய அப்பலகையை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பால்டிக் கரையிலுள்ள ரெவால் நகரத்து லூத்தர் ஆலை முதலில் நாற்காலி இருக்கைகளுக்காகச் செய்தது. பின்னர் தேயிலைப் பெட்டிகளுக்காகவும் செய்தது. ரெவால்தான் இன்றைய எஸ்தோனியாவின் தலைநகரான தாலின். மலையகத்தில் நம் தமிழ்த் தொழிலாளர் கொழுந்து பறித்து வளர்த்த தேயிலை கடல் கடந்தது இத்தகைய பெட்டிகளிலேதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதி தடைப்பட்டபோது, காலியை அடுத்த கிந்தோட்டையில் அரசாங்கம் பிளைவூட் ஆலை நிறுவியதும் தேயிலைப் பெட்டியை முன்னிட்டே. தோட்ட முதலாளியின் பெட்டிக்காகப் பிறந்த பலகை பின்னாளில் படகுக்கு இருக்கையாயிற்று.

அதன்மேல் போர்த்திய உறையின் வரலாறோ இன்னும் விசித்திரமானது. நம்மவர் ‘ரெக்சின்’ என்று அழைப்பது, ஆதியில் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டரை அடுத்த ஹைட் என்னும் ஊரில் செய்யப்பட்ட போலித் தோலின் வாணிபப் பெயர். துணியின்மீது நைத்திரோசெலுலோசைப் பூசிச் செய்தது அது. பருத்தியை நைத்திரிக்கமிலம் கொண்டு பக்குவப்படுத்தினால் வெடிபஞ்சு கிடைக்கும். ஓரளவே நைத்திரேற்றினால் பூச்சுப் பொருள் கிடைக்கும். அமெரிக்க வெடிமருந்து வியாபாரியான டூப்பொன்ட் கம்பெனி, தன் சரக்கிற்குப் புதுச் சந்தை தேடி 1910ஆம் ஆண்டில் ‘பாப்ரிக்காயிட்’ என்ற போலித்தோல் கம்பெனியை விலைக்கு வாங்கியது. பீரங்கிக்கும் இருக்கை உறைக்கும் ஒரே தாய்வயிறு! 1926இல் வால்டோ செமோன் என்ற ரசாயனி, பி.வி.சி. என்னும் கடினமான பொருளை நெகிழச் செய்யும் வழி கண்டார். அதிலிருந்து வந்த வினைல் பழைய ரெக்சினை ஒதுக்கித் தள்ளியது. பெயர் மட்டும் நம் நாவில் ஒட்டிக்கொண்டது.

வினைல் நீரை உள்ளே விடாது என்பார்கள். தையல் துளை விடும். ஆணி குத்திய துளை விடும். உள்ளே சென்ற நீரை வெளியே விடாதிருப்பதுதான் அதன் கொடுமை. மரத்தை உளுக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்திற்குக் கீழிருந்தால் அது வாழாது. மரம் நீரில் முழுக்க ஊறிக் காற்று அற்றுப்போனாலும் வாழாது. இரண்டுக்கும் இடைப்பட்ட புழுக்கமே அதன் வீடு. உப்பு நீர் அதை ஒடுக்கும், மழைநீர் வளர்க்கும். மட்டக்களப்பு வாவியோ முகத்துவாரம் மணலால் அடைபட்டும் திறந்தும் உவர்ப்பு மாறிக்கொண்டே இருக்கும் நீர்நிலை. ஆயினும் இருக்கைக்குப் பகைவன் வாவி நீரன்று. மாரி காலத்தில் மேலிருந்து கொட்டும் நன்னீரே. ஆகவேதான் வாவியில் மிதந்த அடிப்பலகை நன்றாயிருக்க, ஒருநாளும் வாவியில் மூழ்காத சாய்மானம் உளுத்துவிடுகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே பொடி.

இதைச் சீர்செய்பவரை நாம் ‘குஷன் வேலைக்காரர்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர் முதலில் பின்புறத்துக் கம்பி ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கிறார். துருவேறியவை பாதியில் ஒடிகின்றன. அவசரப்பட்டால் உறை கிழியும். உளுத்த பலகையை அவர் எறிந்துவிடுவதில்லை. உதிர்ந்த துண்டுகளையும் தாளின்மேல் சேர்த்து வைத்து வடிவம் வரைகிறார், ஏனெனில் புதியதற்கு அதுவே அச்சு. நீரில் கரையாத பசையால் ஒட்டிய பலகையைத் தேர்ந்து அறுத்து, விளிம்புகளிலும் திருகாணித் துளைகளிலும் எப்பொக்சிப் பிசினை ஊட்டுகிறார். பலகை நீர் குடிப்பது பெரும்பாலும் விளிம்பு வழியாகவே. கீழ்விளிம்பில் நீர் வடியத் துளைகள் இடுகிறார். விறைத்த வினைலை வெயிலில் காயவைத்து இளக்கி, ஒரு பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று என்று துருவேறா ஆணி அடித்து, மூலைகளை நோக்கி நகர்கிறார். மூலையில் மடிப்பு விழும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். இழுவை மிகுந்தால் தையல் பிரியும். குறைந்தால் சுருக்கத்தில் நீர் தேங்கி, பழைய கதை மீண்டும் தொடங்கும்.

இருக்கை உளுத்தால் முதுகு நோகும். அவ்வளவே என்று எண்ணுவோர் உண்டு. கண்ணாடியிழைப் படகில் வெளியிணைப்பு யந்திரத்தைத் தாங்கும் பின்பலகைக்குள்ளும் பெரும்பாலும் இதே பிளைவூட்டே பொதியப்பட்டிருக்கிறது. அங்கு ஒரு திருகாணித் துளை கசிந்தால் உளுப்பு வெளியே தெரியாது. யந்திரம் கழன்று கடலில் விழும் நாளில்தான் தெரியும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கலங்களை வாரிச் சென்றபின், கொடையாகப் படகுகள் வந்து குவிந்தன. கொடுத்தவர்களின் பெயர்கள் பக்கங்களில் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருந்தன. அவசரத்தில் கட்டப்பட்ட பல படகுகள் தரம் குறைந்தவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமே எச்சரிக்க நேர்ந்தது. வர்ணத்தைப் பார்த்தவர்கள் கொடுத்தார்கள். கடலுக்குப் போக வேண்டியவன் வாங்கினான். உள்ளே வைத்த மரம் எத்தகையது என்று கேட்கும் உரிமை வாங்கியவனுக்கு இருந்ததா?

அனுபவசாலி படகை வாங்கும்போது அப்பலகையைக் கைவிரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறான். நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்தது மந்தமாக முனகும். குஷன் வேலைக்காரரும் உறையைக் கழற்றுமுன் சாய்மானத்தின் பின்புறத்தை அப்படித்தான் தட்டுகிறார். தோணியின் குறுக்குப் பலகையில் ஓடாவி தட்டியதும் அதே தட்டுதான்.