கதை இல்லாத கற்கள்

கூக்கால் செல்லும் சாலையில் பூம்பாறையில் இறங்கி, உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு நடந்தேன். குழந்தை வேலப்பர் கோயிலின் முன் நின்று, போகர் நவபாஷாணத்தால் செய்த மூர்த்தி இது என்றார். பழனியிலும் சொல்லப்படும் ஐதீகம்தான். மலையையும் அடிவாரத்தையும் ஒரே வழிபாட்டில் இணைத்து வைத்திருப்பது அதுவே.

பிறகு கற்திட்டைகளைப் பற்றிக் கேட்டேன். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள் அவை. தாண்டிக்குடி முதலாக இம்மலைத்தொடரில் பல இடங்களில் உள்ளன. இயேசு சபைப் பாதிரியார்களான ஆங்லேடும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது.

"பாண்டவர் வீடுங்களா?" என்றார் பெரியவர். சற்று நேரம் கழித்து, "அதை யாரும் கேக்குறதில்லைங்க."

கோயிலுக்குத் திருவிழா உண்டு, பூசகர் உண்டு, கதை உண்டு. கற்திட்டைக்கு இவை எதுவுமில்லை. பெயர்த்தெடுத்தால் தடுக்கவும் ஆளில்லை. வழிகாட்டியின் நினைவில் எது தங்கும் என்பதை உடன் நடப்பவரின் கேள்வியே தீர்மானிக்கிறது. கூக்கால் ஏரியைக் காணச் செல்லும் நண்பர்கள், வழியில் இதையும் கேட்டுவிட்டுப் போகலாம்.