நாண்டக்கெட்: வறுமை காத்த வீடுகள்

அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவில் 'கடலோரம், புதுப்பிச்ச பழைய வீடு, விற்பனைக்கு'ன்னு விளம்பரம் பார்த்தா, நான் முதல்ல தேடுறது விலையை இல்லை, கட்டின வருஷத்தை. துறைமுகத்தை ஒட்டின வீடுன்னா 1846-க்கு முந்தினதா, பிந்தினதா? அந்த வருஷத் தீயில் திமிங்கில எண்ணெயும் சேர்ந்து எரிந்து, துறையும் கடைவீதியும் சாம்பலாயின.

அப்புறம் மண்ணெண்ணெய் வந்தது. 1869-ல் கடைசித் திமிங்கில வேட்டைக் கப்பலும் கிளம்பிப் போச்சு. ஊர் நொடிஞ்சது. இடிச்சுக் கட்டக் காசில்லாததால்தான் பழைய வீடுகள் தப்பின.

1955-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது காப்பது வெளித்தோற்றத்தை மட்டும். உள்ளே எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம். இன்று அவை கோடிகளில் விலைபோகின்றன. அவற்றைப் புதுப்பிக்கிற தச்சர்கள் பலருக்கு அந்தத் தீவில் வாடகை கட்டுப்படியாகாது. தினமும் படகேறி வேலைக்கு வந்து போகிறார்கள்.